மேல் போர்ஷன் காலி

1

நேற்று அலுவலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். எங்கள் கவுண்டியின் வருடாந்திர விவரக் குறிப்பை நான் பத்தாவது தடவையாக எழுதி முடித்திருக்கிறேன், அதற்காக. மேலாளர் டெப்ரா கையில் பிளாஸ்டிக் கத்தியோடு நின்று, "இந்தக் கவுண்டியில் ஒரு மனுஷரைக்கூட சாந்தி விட்டுவிட மாட்டாள்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கேக் என் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். நன்றாகவே இறங்கியது. இரண்டாவது துண்டும் வாங்கிச் சாப்பிட்டேன்.

கவுண்டி என்றால் நம்மூர் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் நட்டநடுவில், சோளமும் சோயாவும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத இடம். என் கணவருக்கு இங்கே பன்றி இறைச்சி ஆலையின் கணினிப் பிரிவில் வேலை கிடைத்தது, வந்தோம். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் பெரிய நகரம் எதற்காவது போய்விடலாம் என்று பேசிக்கொண்டோம். இருபது வருடமாகிவிட்டது. பால் வாங்க அரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும்.

விவரக் குறிப்பில் மூன்று பாகம்: மக்கள், வீடுகள், பிழைப்பு. எண்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது இது எந்தக் கவுண்டி என்று தேடிக் கண்டுபிடிப்பார்கள், எனக்கு அது வேண்டாம். எண்கள் இல்லாமலே சொல்லிவிடலாம். இங்கே பிறக்கிறவர்களைவிடச் சாகிறவர்கள் அதிகம். பிரசவ வார்டை மூடிவிட்டார்கள், வலி எடுத்தால் பக்கத்துக் கவுண்டிக்கு ஓட வேண்டும். பள்ளிக்கூடக் கால்பந்து அணிக்கு ஆள் போதாமல், பரம்பரை எதிரியான அடுத்த ஊர் அணியோடு சேர்த்துவிட்டார்கள். பிழைப்பு என்று பார்த்தால் நிலம், ஆலை, முதியோர் இல்லம், சிறைச்சாலை. எங்கள் அட்டவணையில் இருபத்தைந்து வயது ஆண்கள் கொஞ்சம் பேர் தெரிகிறார்களே என்று சந்தோஷப்பட்டால், அவர்களில் பாதிப்பேர் கைதிகள். அவர்களும் கணக்கில் சேர்த்திதான். எவர் எங்கே தூங்குகிறாரோ அங்கே குடியிருக்கிறார், அவ்வளவுதான் விதி.

நான் ஆவடியில் வளர்ந்தவள். ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலம் வருவதற்குள் வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடியாகிற பூமி. ஊர் சுருங்கும் என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

2

வீடுகள் பாகம்தான் என் செல்லப்பிள்ளை. அதில் முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வீட்டில் ஆள் இருக்கிறதா, காலியா? யார் பெயரில் பத்திரம், யார் வரி கட்டுகிறார்கள், யாருக்கு உரிமை என்பதெல்லாம் எனக்கு அநாவசியம். ஆள் தூங்குகிறதா, இல்லையா? சந்தேகம் வந்தால் நானே காரை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுவேன். குளியலறையைப் பார்க்க அனுமதி கேட்பேன். பல் துலக்கும் பிரஷ் இருந்தால் அந்த வீடு காலியில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகக் கண்டுபிடித்த வழி. இப்போது எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வால்டர் என்று ஒரு கிழவர். அவர் வாழ்ந்த பண்ணை வீட்டை நிலத்தோடு சேர்த்து வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. வீடு காலி என்று கம்பெனி எழுதிக்கொடுத்தது. ஆள் இருக்கும் வீடு என்று நாங்கள் எழுதினால்தான் அந்த மண்பாதையில் குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி போகும். காலி என்று எழுதினால் போகாது. நான் போய்ப் பார்த்தேன். கூரையில் பாதியைக் காணோம். சமையலறையில் கட்டில் போட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் ஒரு டம்ளர், அதில் ஒரு பிரஷ்.

கம்பெனியின் ஆள் போனில் கத்தினான். அந்தக் கிழவனுக்கு அங்கே ஒரு உரிமையும் கிடையாது, அவன் பெயரில் ஒரு காகிதம் கிடையாது என்றான். "காகிதம் தூங்காது, ஆள்தான் தூங்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாக்கியத்தை டெப்ரா ஒரு அட்டையில் எழுதி என் மேஜைக்குப் பின்னால் ஒட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வால்டர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார், அடுத்ததையும் தாண்டினார். என்னை ஊரில் சிலர் தெய்வம் மாதிரி பார்க்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

3

அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு வந்து, பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர். குவார்ட்டர்ஸில்தான் நானும் சேகர் அண்ணனும் பிறந்தோம். அண்ணன் படிப்பை விட்டுத் தெருவில் வளர்ந்தான், தெருவின் பாஷை அவனுக்கு ஒட்டிக்கொண்டது. நான் புத்தகத்தோடு வளர்ந்தேன். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள். அயனம்பாக்கம் தாண்டி ஒரு சின்ன ஏரியின் ஓரத்தில், யாரோ நாலு பேர் வாங்குகிறார்களே என்று அப்பாவும் ஒரு மனை வாங்கினார். அது ஏரியின் வயிறு என்று வாங்கியவர்கள் எல்லோருக்கும் தெரியும். விற்றவனுக்கும் தெரியும். கரண்ட் கொடுத்தார்கள், வரி வாங்கினார்கள், அதனால் தெரியாதது போலவே இருந்தோம்.

கீழ் வீடு அண்ணனுக்கு, மேல் போர்ஷன் எனக்கு. அப்படித்தான் அப்பா கட்டினார். நான் அமெரிக்கா வந்த பிறகு கட்டிய மாடி அது. மகள் வந்தால் தங்க இடம் வேண்டும் என்று, மேலே கரண்ட் இணைப்பைத் தனியாக என் பெயரில் வாங்கினார். என் கல்யாணச் சீர் இரும்பு பீரோவை மேலே ஏற்றி வைத்தார். மாடிப்படி குறுகல் என்பதால் கயிறு கட்டி வெளிப்பக்கமாக இழுத்தார்களாம். நான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து இருபது நாள் தங்குவேன். மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். அப்பா போன பிறகும் அண்ணி வெள்ளிக்கிழமை தோறும் மேலே போய்ப் பெருக்கிவிட்டு வருவாள்.

நான்கு வருடம் முன்பு வந்தபோது என் வாசலில் சின்னச் செருப்பு கிடந்தது. அண்ணனின் மகள் ரேவதியைப் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போகிறாள். அவளும் அவள் பெண் மீனுவும் மேலே குடியிருந்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. என் பால்கனியில் அவள் நைட்டி காய்ந்தது. என் பீரோக் கதவில் மீனு பூவும் பட்டாம்பூச்சியுமாக ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாள். குளியலறையில் என் பழைய டம்ளரில் இரண்டு பிரஷ், ஒன்று குட்டி.

"சும்மா தானே கெடந்துச்சு சாந்தி. நீ இன்னா சொல்லப்போறேன்னு இட்டுனு வந்து வச்சிட்டேன்" என்றான் அண்ணன்.

"அதனாலென்ன, இருக்கட்டும்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். மீனுவுக்கு சாக்லேட் கொடுத்தேன். ஆனால் வயிறு எரிந்தது, அதை ஒளிக்க மாட்டேன். மூன்று வருடத்தில் இருபது நாளுக்கு மேல் தேவைப்படாத அந்த அறை, இன்னொருத்தி தூங்குகிறாள் என்றதும் எனக்கு உயிராகிவிட்டது. ஊருக்குக் கிளம்பும் அன்று, யாரும் இல்லாத நேரத்தில் பீரோவைத் திறந்தேன். உள்ளே இருந்தது இரண்டு பட்டுப்புடவையும் ஒரு ஆல்பமும்தான். மூன்றையும் என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அவள் ஒரு துணிகூட அதில் வைக்கக் கூடாது என்பதற்காக, வெறும் பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

4

போன வருடம் ஏரியை மீட்கப்போகிறோம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்க்கரையில் புதிதாக வந்த உயரமான அடுக்குமாடிகள் அந்த அறிவிப்பில் இல்லை. அவற்றில் எங்கெங்கிருந்தோ கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காலையில் நடக்க ஏரியைச் சுற்றி ஒரு பாதை வேண்டியிருந்தது. எங்கள் கரையில் இருந்த வீடுகளைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். சுவரில் அச்சுத்தகடு வைத்துச் சிவப்பு பெயிண்டில் எண் போட்டார்கள். குடியிருப்பை நிரூபித்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் குத்தம்பாக்கத்தையும் தாண்டி ஓரிடத்தில் ஒரு மாற்று வீடு. ஒரு குடும்பத்துக்கு ஒன்று.

எங்கள் வீட்டுக்கு அவர்கள் வருவதற்கு முந்தின நாளே அண்ணன் கூப்பிட்டான். "இந்தா சாந்தி, நல்லா கேட்டுக்கோ. மேல கரண்ட் கார்டு உன் பேர்ல கீது. நாளைக்கு கணக்கெடுக்க வர்ற பொண்ணு உன்கிட்ட போன்ல கேக்கும். ஊர்ல தான் கீறேன், ஒரு சோலியா வெளிய வந்துகீறேன்னு மட்டும் சொல்லு. வூடு உன் பேர்ல வந்தா ரேவதி இருந்துக்கும். அதுக்குன்னு வேற இன்னா நாதி கீது சொல்லு."

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லச் சொல்கிறானே, அதுவும் என் தொழிலில், என்னிடமே, என்று நினைத்துக்கொண்டேன். நியாயமான கோபம் கிடைத்தால் அதைப்போல் சௌகரியம் வேறில்லை. அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம்.

மறுநாள் எனக்குக் காலை, அங்கே சாயங்காலம். நான் இட்லி அவித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் நிலா மேஜையில் உட்கார்ந்திருந்தாள். போனில் அண்ணன் முகம் வந்தது, பிறகு ஒரு இளம்பெண்ணின் முகம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். களைத்திருந்தாலும் மரியாதையாகப் பேசினாள்.

"மேடம், மேல் போர்ஷன் கார்டு உங்க பேர்ல இருக்கு. நீங்க இங்கதான் குடியிருக்கீங்களா?"

"இல்லம்மா. நான் அமெரிக்காவுல இருக்கேன். இருபது வருஷமாச்சு."

அண்ணனின் கண் கீழே போனது. அந்தப் பெண் விடவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறவள், எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

"அப்ப மேல யாரு மேடம் இருக்காங்க? பார்த்தா ஆளுங்க புழங்குற மாதிரி இருக்கு."

"எம் பொண்ணு கீது மேடம், அதும் கொழந்தையும்" என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

"இருங்க சார். கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்க சொல்லட்டும். தனிக் குடும்பமா இருக்காங்கன்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னா, நான் தனியாவே போட்டுடறேன்."

கவனியுங்கள். என்னை இப்போது யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மை என்னவோ அதைத்தான் கேட்டாள். ஒரு வார்த்தை. போன் கொஞ்சம் அசைந்தபோது மாடிப்படியில் ரேவதி நிற்பது தெரிந்தது. கையில் மீனுவின் பள்ளிச் சீருடை, பாதி மடித்தபடி.

"அது என் போர்ஷன்" என்றேன். "நான் யாருக்கும் விடல. மேல் போர்ஷன் காலி."

"காலின்னே போட்டுடவா மேடம்?"

"போடுங்க."

5

போனை வைத்த பிறகு இட்லிச் சட்டியை இறக்கினேன். நிலா தமிழ் பேசத் தடுமாறுவாள், ஆனால் எல்லாம் புரியும். வேறு மாநிலத்தில் படிக்கிறாள். எங்கே தூங்குகிறாளோ அங்கே என்ற விதிப்படி, கணக்கெடுப்பில் எங்கள் வீட்டிலிருந்து அவளை நானே நீக்கினேன். அப்போது அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"அம்மா, அங்க ரேவதி அக்கா இருக்காங்கல்ல?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சாப்பிடு."

"நான் உன்கூட அங்க வந்தப்ப பார்த்தேன். பாத்ரூம்ல ரெண்டு பிரஷ் இருந்துச்சு."

நான் சட்னியைத் தாளித்தேன். அவள் ஆங்கிலத்துக்கு மாறினாள். அந்த வீட்டில் இருப்பது வால்டராக இருந்தால் என்ன எழுதியிருப்பாய் என்று கேட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. தட்டை அவள் முன்னால் வைத்தேன். அன்று மாலையே அவள் விடுதிக்குக் கிளம்பிவிட்டாள். விடுமுறை இன்னும் மிச்சமிருந்தது.

எங்கள் அலுவலகக் கையேட்டின்படி நான் சொன்னது பொய். பத்து வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய்யான பதிவு, சொந்த அண்ணன் மகளைப் பற்றியது. ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுத்திருந்தார்கள். ஒரு கடிதம் போதும் என்று அண்ணன் ஒன்பது தடவை கூப்பிட்டான். அந்த மாதிரிக் கடிதம் எழுதுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒன்பது தடவையும் செய்தி அனுப்பினேன். ரேவதியையும் மீனுவையும் கீழ் வீட்டுக் குடும்பத்தோடு சேர்த்து ஒரே குடும்பமாக எழுதிவிட்டார்கள்.

6

இந்த ஜனவரியில் போனேன். அம்பத்தூரில் ஓட்டலில் அறை எடுத்துக்கொண்டேன். ஏரிக்கரையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் சிமெண்ட் கல் பதித்த பாதை. காதில் ஒயர் மாட்டிக்கொண்டு ஒருவர் வேகவேகமாக நடந்தார். ஓரமாக நின்று பார்த்துவிட்டு, ஆட்டோ பிடித்து அண்ணன் இருக்கும் மாற்றுக் குடியிருப்புக்குப் போனேன். மூன்றாவது மாடி. ஒரு ஹால், ஒரு சமையல் இடுக்கு, ஒரு குளியலறை.

கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது என் பீரோ.

ஹாலில் பாதி அதுதான். பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கள் அப்படியே இருந்தன. அதற்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் அகலம். நாற்காலி போட இடமில்லை, அண்ணி எனக்காகப் பக்கத்து வீட்டில் ஒரு ஸ்டூல் வாங்கி வாசலில் போட்டாள். அண்ணன் என்னைத் திட்டுவான் என்று தயாராக வந்திருந்தேன். அவன் உட்காரச் சொன்னான். இளைத்திருந்தான். இங்கிருந்து ஷேர் ஆட்டோ ஓட்ட ஆவடி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது என்றான்.

"இடிக்க வந்தப்போ மொதல்ல உன் பீரோவத்தான் எறக்குனோம்" என்றான். "நாலு பேரு, கயிறு கட்டி. அப்பா ஏத்துன மாதிரியே. படியில எறங்காது இல்ல."

"அதுக்குள்ள இடிக்கிற வண்டி வந்துட்ச்சு அத்தே" என்றாள் ரேவதி, காப்பியை என் கையில் கொடுத்தபடி. "எங்க சாமான் மேலயே மாட்டிக்கிச்சு. அடுப்பு, துணி, மீனு புஸ்தகம் எல்லாம். பரவால்ல, உங்களுது தப்பிச்சிச்சு."

அவள் குத்திக் காட்டவில்லை. முகத்தை உற்றுப் பார்த்தேன், ஒரு சின்னக் கீறல்கூடக் கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அத்தை ஏதோ கோபத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள் என்று அவர்களுக்குள் எப்போதோ முடிவு பண்ணிவிட்டார்கள் போலிருக்கிறது. மன்னித்தும்விட்டார்கள். எனக்கு அது தாங்கவில்லை. பழக்கதோஷத்தில் என் தொழில் கேள்வி வாயில் வந்துவிட்டது.

"நாலு பேரும் எங்கே படுப்பீங்க?"

"மீனு எங்க அம்மா அப்பா நடுவுல. நான் வராண்டாவுல" என்றாள் ரேவதி. கதவுக்கு வெளியே, மாடிப்படி ஓரத்தில், சுருட்டி வைத்த பாயைக் காட்டினாள். மேல் வீட்டுக்காரர்கள் அவளைத் தாண்டித்தான் படியேற வேண்டும்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். கேட்கக் கூச்சப்படும்போது அவன் அப்படித்தான் செய்வான். "சாவி எடுத்துனு வந்தியா சாந்தி? உள்ள பட்டு கிட்டு வச்சிருப்பே, நாங்க தொடல. பூட்ட ஒடைக்கலாம்னு தோஸ்த்து ஒர்த்தன் சொன்னான், தங்கச்சி சாமான ஒடைக்கறதான்னு வுட்டுட்டேன். நீ தொறந்து உன்னுத எடுத்துக்கினியானா இத்த எங்கனா தள்ளிடலாம். ரேவதியும் உள்ள வந்து கால நீட்டிப் படுத்துக்கும்."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். மீனு பீரோ மேல் சாய்ந்து நின்றுகொண்டு பார்த்தாள். நான் திறந்தால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. எதை இறக்குவதற்காகத் தங்கள் அடுப்பையும் துணியையும் விட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். எதை நான் பூட்டிவிட்டுப் போனேன் என்பதும் தெரிந்துவிடும்.

"அடடா, சாவியை அங்கேயே வச்சிட்டு வந்துட்டேண்ணா" என்றேன்.

"பரவால்ல அத்தே" என்றாள் ரேவதி. "அடுத்த தபா வரும்போது எடுத்துனு வாங்க. அதுவரைக்கும் நாங்க பத்திரமா பாத்துக்கறோம்."

சரி என்றேன். காப்பியைக் குடித்து முடித்தேன். சாவி என் கைப்பையில், பாஸ்போர்ட் உறைக்குள் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.